ஒரே மாடிப்படி, இரண்டு புத்தாண்டு

2025 மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை. பெங்களூர் அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் மூன்று மாடிக் கட்டடத்தில் கீழ்வீட்டு அஜ்ஜி (கன்னடத்தில் பாட்டி) காலையிலேயே படியேறி வந்துவிட்டார். கையில் ஒரு சின்னக் கிண்ணம். உள்ளே வேப்பம்பூவும் வெல்லமும். ‘பேவு பெல்லா’ என்று சொல்லி எல்லோர் கையிலும் ஒரு சிட்டிகை வைத்தார். அன்று யுகாதி, கன்னடப் புத்தாண்டு. மறுநாள் திங்கட்கிழமை ரம்ஜான். மேல்மாடியிலிருந்து சேமியா பாயசம் இறங்கி வந்தது. அப்புறம் இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 14 அன்று, எங்கள் வீட்டிலிருந்து மாங்காய்ப் பச்சடி மேலும் கீழும் போயிற்று. சித்திரை 1, தமிழ்ப் புத்தாண்டு.

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் பச்சடித் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து கேட்டாள்: “அஜ்ஜிக்குப் புது வருஷம் முன்னாடியே வந்துடுச்சு. நமக்கு ஏன்ப்பா லேட்டு?”

பெங்களூரில் வளரும் எந்தத் தமிழ்ப் பிள்ளையும் ஒரு நாள் இதைக் கேட்கும். பதில் வானத்தில் இருக்கிறது. சூரியன், சந்திரன் இரண்டையும் எப்படி எண்ணுகிறோம் என்பது தெரிந்தால், இந்த ஊரின் பண்டிகைகளில் பாதிக்கு மேல் புரிந்துவிடும்.

முதலில் சூரியன்.

வானத்தைப் பன்னிரண்டு ராசிகளாகப் பிரித்திருக்கிறார்கள். சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்ததற்குப் போவது சங்கராந்தி. தமிழ் மாதம் பிறப்பது இந்தக் கணக்கில்தான். மகர ராசிக்குள் போனால் தை, மேஷத்துக்குள் போனால் சித்திரை. சூரியன் ஒரு சுற்றுச் சுற்றிவர 365 நாளும் கொஞ்சமும் ஆகிறது. நாம் ஆபீசில் மாட்டியிருக்கும் ஆங்கில நாட்காட்டியும் சூரியனைத்தான் பின்பற்றுகிறது. அதனால் இரண்டும் ஒட்டியே நடக்கின்றன. பொங்கல் ஜனவரி 14 அல்லது 15, புத்தாண்டு ஏப்ரல் 14 ஒட்டி. நாம் தேதியைத் தேடவே வேண்டாம். கேரளத்து விஷு, பஞ்சாபியர் பைசாகி, வங்காளப் புத்தாண்டு, அசாமியரின் பிஹு எல்லாம் அதே ஏப்ரல் நடுவில் விழுவதும் இதே காரணத்தால்தான். வேறு வேறு மொழி, ஆனால் பார்ப்பது ஒரே சூரியனின் ஒரே அடி.

ஆனாலும் மிக மெதுவாக ஒரு நகர்வு இருக்கிறது. சுவாமி விவேகானந்தர் பிறந்தது 1863 ஜனவரி 12. அன்று மகர சங்கராந்தி. இப்போது அது 14, 15 என்று வந்திருக்கிறது. நட்சத்திரங்களை வைத்து எண்ணும் ஆண்டுக்கும் பருவங்களை வைத்து எண்ணும் ஆண்டுக்கும் சுமார் 20 நிமிடம் வித்தியாசம். அது சேர்ந்து சேர்ந்து 70 ஆண்டுக்கு ஒரு நாள் ஆகிவிடுகிறது. பகல் நீளத் தொடங்குவது உண்மையில் டிசம்பர் 22 வாக்கில். உத்தராயணத்தை நாம் கொண்டாடுவது ஜனவரியில். இடையே உள்ள மூன்று வாரமும் இந்த இருபது இருபது நிமிடமாகச் சேர்ந்ததுதான்.

பெங்களூரில் சூரியக் கணக்கைக் கண்ணாலேயே பார்க்க ஓர் இடம் உண்டு. கவிபுரத்தில் பாறையைக் குடைந்த கவி கங்காதரேஸ்வரர் கோயில். மகர சங்கராந்தி மாலையில் சூரிய ஒளி வெளியிலிருந்து புகுந்து, நந்தியின் இரண்டு கொம்புகளுக்கு நடுவே ஊர்ந்து, குகைக்குள் இருக்கும் லிங்கத்தின் மேல் விழும். மேகம் இல்லாத நாளாக இருக்க வேண்டும். அன்று கூட்டமும் அதிகம். உள்ளே நிற்க இடம் கிடைப்பது பெரும் பாக்கியம். ஆண்டின் இந்த நாளில் சூரியன் எங்கே நிற்கும் என்று தெரிந்து கல்லை வைத்தவர்களை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்க்கும்.

நமக்குப் பொங்கல் என்றால் பானை. கன்னட வீடுகளிலும் அன்று ஹுக்கி என்ற பெயரில் பொங்கல் வைப்பார்கள். இனிப்பாகவும் வைப்பார்கள், மிளகு போட்டும் வைப்பார்கள். ஆனால் அவர்களுக்கு அந்த நாளின் உயிர் எள்ளு-பெல்லா. வெள்ளை எள், வெல்லம், கொப்பரை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை, இந்த ஐந்தின் கலவை. இப்போது கடையில் பாக்கெட்டாகவே கிடைக்கிறது. எங்கள் அஜ்ஜி மட்டும் இன்னும் பத்து நாள் முன்னாலேயே ஆரம்பித்துவிடுவார். கொப்பரையின் பழுப்புத் தோலைச் சீவி எடுத்துவிட்டு, வெள்ளைப் பகுதியை அரிசி மணிக்குக் கொஞ்சம் பெரிதாக நறுக்குவார். வெல்லத்தையும் அதே அளவில் வெட்டுவார். இரண்டையும் மொட்டை மாடியில் பழைய வேட்டி விரித்துக் காய வைப்பார். காக்கா விரட்டுவது என் மகள் வேலை. மர அச்சில் வார்த்த சர்க்கரைப் பொம்மை, கரும்புத் துண்டு, இலந்தைப்பழம், வாழைப்பழம் எல்லாம் சேர்த்து ஒரு தட்டு. சாயங்காலம் பெண்களும் பிள்ளைகளும் புதுத்துணி உடுத்தி அதை வீடு வீடாகக் கொண்டுபோவார்கள். அதற்கு ‘எள்ளு பீரோது’ என்று பெயர். கொடுக்கும்போது ‘எள்ளு பெல்லா திந்து ஒள்ளே மாத்தாடு’ என்பார்கள். எள்ளும் வெல்லமும் தின்று நல்ல பேச்சு பேசு என்று பொருள். பனிக்காலத்தில் தோல் வறண்டு போகும், எள்ளும் கொப்பரையும் உடம்புக்கு எண்ணெய்ப் பசை கொடுக்கும் என்பது அஜ்ஜி சொல்லும் காரணம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரிக் காலையில் உதடு வெடிக்கும் ஊரில் அந்தக் காரணம் எனக்கு ரொம்பப் பொருத்தமாகப் படுகிறது.

சரி, இப்போது சந்திரன்.

அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை சுமார் 29½ நாள். கன்னடரும் தெலுங்கரும் மராத்தியரும் மாதம் எண்ணுவது இப்படித்தான். அமாவாசைக்கு மறுநாள் பிரதமையில் புது மாதம் பிறக்கும். சைத்திர மாதத்துப் பிரதமைதான் யுகாதி. மராத்தியருக்கு அதே நாள் குடி பாட்வா. (வட இந்தியாவின் பல பகுதிகளில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி எண்ணுகிறார்கள், அது வேறு கதை.)

இப்படிப் பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் 354 நாள்தான் வருகிறது. சூரிய ஆண்டைவிட 11 நாள் குறைவு. அதனால்தான் பண்டிகை ஆண்டுதோறும் 11 நாள் முன்னால் வந்துவிடுகிறது. ரம்ஜானைப் பாருங்கள்: 2023-இல் ஏப்ரல் 22, 2024-இல் ஏப்ரல் 11, 2025-இல் மார்ச் 31. இஸ்லாமிய நாட்காட்டி சந்திரனை மட்டுமே பார்க்கிறது, வேறு எதையும் சேர்ப்பதில்லை. ஆகவே நோன்பு மாதம் சுமார் 33 ஆண்டில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். ஒரு மனிதர் தன் வாழ்நாளில் கோடையிலும் நோன்பு இருப்பார், மழையிலும் இருப்பார், பனியிலும் இருப்பார். ஃப்ரேசர் டவுன் மசூதி ரோட்டில் மார்ச் மாதத்து நோன்பு மாலைகளில் தர்பூசணித் துண்டுகள் மலைபோலக் குவிந்து கிடக்கும். அதே ரோட்டில் நோன்பு டிசம்பருக்கு நகரும்போது சூடான சூப்புக்குத்தான் வரிசை நிற்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

யுகாதியும் விநாயகர் சதுர்த்தியும் இப்படிச் சுற்றினால் என்ன ஆகும்? வேப்பம்பூ பூக்காத காலத்தில் யுகாதி வந்து நிற்கும். அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஓர் அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் நடுவே சூரியன் ராசி மாறவே இல்லை என்றால், அந்த மாதத்தைக் கூடுதல் மாதமாக எண்ணுவார்கள். அதிக மாசம் என்பது அதுதான். 19 ஆண்டில் ஏழு முறை வரும். விநாயகர் சதுர்த்தியில் இது பளிச்சென்று தெரியும்: 2022-இல் ஆகஸ்ட் 31. 2023-இல் அதிக சிராவணம் வந்ததால் செப்டம்பர் 18-க்குத் தள்ளிப்போயிற்று. 2024-இல் செப்டம்பர் 7, 2025-இல் ஆகஸ்ட் 27. பதினொரு நாளாக முன்னால் வந்துகொண்டே இருந்து, ஒரு தாவலில் தள்ளிப்போய்விடும். 2020-இல் மகாளய அமாவாசை முடிந்த மறுநாளே கொலு வைக்கப் படியைத் துடைத்தவர்கள் எல்லாம் ஒரு மாதம் காத்திருந்தோம், ஞாபகம் இருக்கும். நடுவே அதிக ஆசுவீஜம் என்ற கூடுதல் மாதம் புகுந்திருந்தது.

இதையெல்லாம் சொன்னதும் மகள் கேட்ட அடுத்த கேள்வி, யுகாதியும் ரம்ஜானும் ஏன் அடுத்தடுத்த நாளில் வந்தன என்பது. மார்ச் 29 அமாவாசை. மறுநாள் பிரதமை, அதனால் யுகாதி. அன்று சாயங்காலமே மேற்கில் மெல்லிய பிறை தெரிந்தது, அதனால் திங்கட்கிழமை ரம்ஜான். இரண்டு வீடும் ஒரே நிலவைத்தான் பார்த்தன. ஒரு வீடு நிலவு மறைந்த நாளிலிருந்து கணக்குப் போட்டது, இன்னொரு வீடு பிறை கண்ணுக்குத் தெரிந்ததும் போட்டது. அந்தத் திங்கட்கிழமை இன்னொன்றும் நடந்தது. பெங்களூர், பழைய மைசூர்ப் பக்கத்தில் யுகாதிக்கு மறுநாள் ‘ஹொஸ தொடக்கு’ என்று கறி சமைக்கும் வழக்கம் உண்டு. முதல் நாள் ஒப்பட்டு (நம் போளி), மறுநாள் மட்டன். ஆக ரம்ஜானுக்குக் கறி வாங்க வந்தவர்களும் ஹொஸ தொடக்குக்கு வந்தவர்களும் எங்கள் தெருக் கறிக்கடையில் விடிகாலை ஐந்து மணிக்கு ஒரே வரிசையில் நின்றார்கள். திங்கட்கிழமை கறி தொடாத வீடுகள் மட்டும் செவ்வாய்க்கு ஒத்திப்போட்டன.

தமிழர்களாகிய நாம் சூரியன் பக்கம் என்றேன். முழுக்க அப்படியில்லை. மாதத்தைச் சூரியனை வைத்து எண்ணுகிறோம். அந்த மாதத்துக்குள் வரும் திதியையோ நட்சத்திரத்தையோ பார்த்துப் பண்டிகை வைக்கிறோம். தைப்பூசம், பங்குனி உத்திரம், ஆடிக் கிருத்திகை எல்லாம் அப்படி. சுத்தமாகச் சூரியனை மட்டும் வைத்து வருபவை மாதப் பிறப்புகள், ஆடிப்பெருக்கு போன்ற சிலதான். ஆடி 18 என்றால் 18-தான். மலையாளிகளின் ஓணமும் நம் முறைதான்: சிங்க மாதம், திருவோண நட்சத்திரம். ஓணத்துக்கு வரும் அதே மகாபலி, கன்னட வீடுகளுக்குத் தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் பலி பாட்யமி அன்று வருகிறார். ஒரே ராஜா, இரண்டு தேதி.

இந்த இரண்டு முறையும் உரசிக்கொள்வதைப் பார்க்க வேண்டுமானால் கரகத்துக்குப் போக வேண்டும். பெங்களூர்க் கரகம் திகளர்பேட்டை தர்மராய சுவாமி கோயில் திருவிழா. சைத்திர பௌர்ணமி இரவு, கோயிலிலிருந்து கரகம் புறப்படும். அதைச் சுமப்பவர் ஓர் ஆண். திரௌபதியாகச் சேலை கட்டி, வளையல் போட்டு, தலையில் மல்லிகைப் பூவால் கோபுரம்போல மூடிய கரகத்தைக் கையால் தொடாமல் சுமந்து ஆடி வருவார். சுற்றிலும் உருவிய வாளோடு வீரகுமாரர்கள். விழாவை நடத்தும் திகளர் சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாகத் தோட்டக்காரர்கள். பலர் வீட்டில் பேசுவது கன்னடமும் தெலுங்கும் கலந்த தமிழ். ஒரு காலத்தில் சம்பங்கி ஏரித் தண்ணீரில் கீரையும் காயும் பூவும் விளைவித்தவர்கள். அந்த ஏரி இருந்த இடத்தில்தான் இன்று கண்டீரவ ஸ்டேடியம் நிற்கிறது. செஞ்சி பக்கம் திரௌபதி அம்மன் கோயில் விழா பார்த்தவர்களுக்குக் கரகம் சொந்த ஊர்போலவே இருக்கும்.

நான் காட்டன்பேட்டையில், தவக்கல் மஸ்தான் தர்கா எதிரே நிற்பேன். கரகம் அந்த தர்காவுக்குள் போய் மரியாதை செலுத்திவிட்டுத்தான் மேலே நகரும். இது காலங்காலமாக நடப்பது. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே கரகம் வருவது மூக்குக்குத் தெரிந்துவிடும். ஏப்ரல் இரவின் புழுக்கத்தில் அத்தனை மல்லிகையும் ஒரே அலையாக வரும். அப்புறம் சலங்கைச் சத்தம். பிறகு ஒரு நொடி, கைக்கெட்டும் தூரத்தில், அந்தப் பூக்கோபுரம் ஆடாமல் அசையாமல் கடந்து போகும். கீழே கால்கள் மட்டும் ஓடும்.

2024-இல் கரகம் ஏப்ரல் 23. அதே நாளில்தான் மதுரையில் கள்ளழகர் வைகையில் இறங்கினார். சைத்திர பௌர்ணமியும் சித்ரா பௌர்ணமியும் ஒன்றுதானே என்று நானும் நினைத்திருந்தேன். 2025-இல் கரகம் ஏப்ரல் 12 இரவே புறப்பட்டுவிட்டது, அழகரோ மே 12 அன்றுதான் ஆற்றில் இறங்கினார். முழுதாக ஒரு மாத இடைவெளி. காரணம் இதுதான்: கன்னடச் சைத்திரம் மார்ச் 30-லேயே பிறந்துவிட்டது. அதன் பௌர்ணமி ஏப்ரல் 12. நமக்கோ அன்று இன்னும் பங்குனி, சித்திரை பிறக்க இரண்டு நாள் பாக்கி. சித்திரைக்குள் வரும் பௌர்ணமிக்கு மே வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இதை ஒரு பொது விதியாக மனதில் வைத்துக்கொள்ளலாம். பெயர் ஒன்றானாலும் கன்னட மாதம் தமிழ் மாதத்தைவிட முன்னால் ஓடும்; சில ஆண்டில் சில நாள், சில ஆண்டில் கிட்டத்தட்ட ஒரு மாதம்.

இது பஞ்சாங்கத்தோடு நிற்பதில்லை, கல்யாணம் வரைக்கும் வரும். என் சித்தப்பா மகனுக்குக் கன்னட வீட்டில் பெண் பார்த்து முடிவானது 2025 ஜூனில். பெண் வீட்டில் ஆஷாடத்தில் முகூர்த்தம் வைக்க மாட்டார்கள், எங்கள் பக்கம் ஆடியில் வைக்க மாட்டோம். ஆஷாடம் ஜூன் 26-இல் பிறந்து ஜூலை 24 வரை. ஆடி ஜூலை 17-இல் பிறந்து ஆகஸ்ட் 16 வரை. இரண்டையும் சேர்த்துக் கழித்தால் ஐம்பது நாளுக்கு மேல் போய்விட்டது. “நம்ம சிராவணத்துலயே வெச்சுக்கலாமே, வரமகாலட்சுமி முடிஞ்ச கையோட” என்று சம்பந்தி அம்மா தமிழிலேயே கேட்டார். சித்தி பதமாகச் சொன்னார்: “எங்களுக்கு அப்பவும் ஆடிதாங்க அண்ணி.” வரமகாலட்சுமி அந்த ஆண்டு ஆகஸ்ட் 8, நமக்கு ஆடி வெள்ளி. ஒரே வெள்ளிக்கிழமை, அவர்களுக்கு நல்ல மாதம் தொடங்கிவிட்டது, எங்களுக்கு இன்னும் முடியவில்லை. ஆவணியில் கல்யாணம் நடந்தது. துணிக்கடைகளிலும் முதலில் ஆஷாடத் தள்ளுபடி, அது முடியும் முன்னே ஆடித் தள்ளுபடி. இப்போது ஏன் என்று தெரிந்திருக்கும்.

வானத்துக் கணக்கு தேதியைச் சொல்லும். தட்டில் என்ன வைப்பது என்பதைச் சொல்வது மண். அஜ்ஜி யுகாதிக்குக் கொடுத்தது வேப்பம்பூ, நாங்கள் சித்திரைக்குப் பச்சடியில் போட்டதும் வேப்பம்பூ. மார்ச், ஏப்ரலில்தான் வேம்பு பூக்கும், மாங்காய் காய்த்துத் தொங்கும். தேதி பிரிந்தாலும் மரம் இருவருக்கும் பொதுதானே. சங்கராந்தி சமயம் சந்தை முழுக்க அவரேகாய் குவிவதும் அப்படித்தான். பனி விழுந்தால்தான் அவரேகாய்க்குச் ‘சொகடு’ வரும் என்பார்கள் இங்கே. காயின் மேல் ஒரு பிசுபிசுப்பு, அதிலிருந்து ஒரு வாசனை. கையில் எடுத்தால் சோப்புப் போட்டாலும் போகாது. நாம் மொச்சை என்று சொல்வதற்கு நெருங்கிய உறவு. ஊறவைத்துத் தோல் பிதுக்கி எடுத்து வைக்கும் ‘ஹிதகிதபேளே’ சாறுக்கு எங்கள் வீடே அடிமை. செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள். சிவாஜிநகர் செயின்ட் மேரீஸ் பசிலிக்காவில் தமிழர்கள் காவி உடுத்தித் திரளும் அந்த நாளில், மங்களூர்க் கத்தோலிக்கர் வீடுகளில் புது நெற்கதிரை மந்திரித்துப் பாலில் கலந்து குடிப்பார்கள். அது தேவாலயத் திருநாள்தான், கூடவே அறுவடைத் திருநாளும்.

மண்ணும் சந்திரனும் சேரும் இடம் என்றால் எனக்குக் கடலேகாய் பரிஷேதான். கடலேகாய் என்றால் வேர்க்கடலை, பரிஷே என்றால் கூட்டம், சந்தை. பசவனகுடியில் கெம்பே கௌடர் 1537-இல் கட்டிய பெரிய நந்தி கோயில் முன்னால், கார்த்திக மாதத்துக் கடைசித் திங்கட்கிழமை நடக்கும். சுங்கேனஹள்ளி, குட்டஹள்ளி, மாவள்ளி, தாசரஹள்ளி ஊர்களின் கடலைப் பயிரை ஒரு காளை மேய்ந்து அழித்ததாகவும், முதல் விளைச்சலை பசவனுக்கே (நந்திக்கே) படைப்பதாக உழவர்கள் வேண்டிக்கொண்டதாகவும் கதை. அந்த ஊர்கள் இன்று பஸ் நிறுத்தங்களாகிவிட்டன, வேண்டுதல் மட்டும் நிற்கிறது. ஜூன், ஜூலையில் மழையை நம்பி விதைத்த கடலை நவம்பரில் வண்டி ஏறும். கோலார், சிந்தாமணி பக்கத்திலிருந்தும் வரும், தர்மபுரியிலிருந்தும் வரும்.

2025-இல் பரிஷே நவம்பர் 17 அன்று தொடங்கியது. மகளோடு போனேன். ஒரு தர்மபுரிக்காரர் ரோட்டோரம் சாக்கு விரித்துப் பச்சைக் கடலையைக் குவித்து வைத்திருந்தார், ஓட்டில் செம்மண் ஈரம்கூடக் காயவில்லை. கழுத்தில் துளசி மாலை, இடுப்பில் கருப்பு வேட்டி. அன்று காலைதான் போட்டதாகச் சொன்னார். ஆமாம், அன்று நமக்குக் கார்த்திகை 1. கோயிலுக்குள் கார்த்திகம் முடிகிற கடைசித் திங்கட்கிழமைப் பூசை நடந்துகொண்டிருந்தது. வெளியே கடலை அளப்பவருக்குக் கார்த்திகை அப்போதுதான் பிறந்திருந்தது. மகள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, “அஜ்ஜி இப்பவும் முன்னாடி போயிட்டாங்கப்பா” என்றாள். அவர் சிரித்துக்கொண்டே படிக்கு மேல் இரண்டு கை கடலை அள்ளி அவள் பையில் போட்டார்.